கார்ம்னு புஜேஜா தர வேண்டியது

நூற்றைம்பத்தாறு டாலர். டாலர் வருவதற்கு முந்தைய பழைய கணக்கில் எழுபத்தெட்டு பவுன். செத்து ஒன்பது மாதம் ஆன என் அண்ணன் கோயிலுக்குத் தர வேண்டிய பாக்கி அவ்வளவு என்று கடிதம் சொன்னது.

ஜன்னா அண்ணி, மெல்பர்னிலிருந்து தன் அண்ணன் எழுதிய கடிதத்துக்குப் பதில் போடாமல் ரொட்டி டப்பாவுக்கு அடியில் சொருகி வைத்ததோடு போன வாரக் கதையை நிறுத்தியிருந்தேன். நிலத்தை விற்றுவிட்டு இங்கே வந்துவிடு, ஒற்றைப் பெண்பிள்ளை கரும்பைக் கட்டிக்கொண்டு என்ன செய்வாய் என்று அவன் எழுதியிருந்தான். இருப்பதா போவதா என்று அண்ணி வாய் திறக்கவில்லை. இந்த இரண்டாவது கடிதம் அப்போதுதான் வந்தது. ஆயர் அலுவலகத்திலிருந்து.

சனிக்கிழமை காலை நான் அவள் வீட்டு வேலிக்கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். உறையை என் முன்னால் நீட்டினாள்.

"தம்பி, நீதான் எழுத்துக் கூட்டுவியே. இதைப் படி."

நாற்பத்துநாலு வயதில், கரும்பு வெட்டிவிட்டு வந்து, வெளிநாட்டு ஆட்களுக்கான மாலை வகுப்பில் தூங்கித் தூங்கிக் கற்ற எழுத்து. விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகத் தள்ளினேன்.

ஆயர் மறுபடியும் மூன்று வருஷ நிதி திரட்ட ஆரம்பித்திருந்தார். கன்னியர் மடத்துப் பள்ளிக்குக் கூரை, மேற்கே ஆட்டுப் பண்ணைகளுக்குப் பூசை வைக்கப் போகும் சாமியாருக்கு வண்டி, குருமடத்தில் படிப்பவர்களுக்குச் சாப்பாடு, இன்னும் என்னென்னவோ. அன்று சாயங்காலம் பள்ளிக் கூடத்தில் அதற்கான விருந்து. முதல் சுற்றில் இவ்வளவு தருகிறேன் என்று கொடுத்த வாக்கைச் சுத்தமாக நிறைவேற்றியவர்களின் பெயரை வாசித்து, ஆயர் தன் கையால் ஒரு சிலுவை கொடுப்பார். நிறைவேற்றாதவர்களுக்கு இந்த மாதிரிக் கடிதம்.

கடிதத்தின் கீழே மூன்று வரி. வாக்குக் கொடுத்தது, நூற்றைம்பத்தாறு. பெற்றது என்ற இடத்தில் மூன்றே எழுத்து. என், ஐ, எல். அதற்குக் கீழே பாக்கி, நூற்றைம்பத்தாறு.

பெரிய எழுத்தில் ஆரம்பித்தால் அது ஆள் பெயர் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இங்கே முதல் எழுத்து பெரிதாகத்தான் இருந்தது. இங்கிலீஷில் நான் பார்த்தவரைக்கும் எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்று.

"காசை வாங்கினது நீல்னு போட்டிருக்கு அண்ணி."

எங்கள் ஊரில் இருந்தது ஒரே ஒரு நீல். ரயிலடி ஓட்டல் பாரில் பீர் ஊற்றுகிறவன்.

அண்ணி கையிலிருந்த முட்டைக் கூடையை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

எந்தப் பணம் அது என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷம், சனிக்கிழமைதோறும் முட்டை விற்ற காசில் பத்து ஷில்லிங்கை, அதாவது அரைப் பவுனை, எடுத்துக் கோயில் கவருக்குள் வைத்து அவள்தான் கொடுப்பாள். அண்ணன் அதை நாக்கால் நனைத்து ஒட்டி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் பையில் போட்டுக்கொள்வார். பெண்கள் முன்வரிசை. ஆண்கள் நாங்கள் பாடல் மாடத்துக்குக் கீழே, கடைசியில். பிரசங்கம் ஆரம்பித்ததும் புகைக்க வெளியே நழுவிவிடுவோம். தட்டு சுற்றி வருவதும் அப்போதுதான்.

"நீதானே பக்கத்துல நிப்பே. கவரைப் போட்டாரா?" என்று கேட்டாள்.

போட்டார் என்று சொல்ல வாய் வந்தது. பார்த்ததில்லை. பூசை முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் ரயிலடி ஓட்டலின் பின்கட்டுக்குப் போனதையும், ஆளுக்கு இரண்டு பீர் குடித்ததையும், ஒரு தடவைகூட நான் காசு கொடுத்ததில்லை என்பதையும்தான் நினைத்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் போல எனக்கு அதற்குப் பிறகு எதுவும் வாய்க்கவில்லை. தீ வைத்த கரும்பை வெட்டி ஒட்டும் கரி உடம்பில் இல்லாத ஒரே நாள். மாமர நிழலில் மரப்பெட்டிமேல் உட்கார்ந்து, அண்ணன் மால்டாவில் எங்கள் தெருவில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்காரனையும் போல நடித்துக் காட்டுவார். சிரித்துச் சிரித்துப் பீர் மூக்கில் ஏறும்.

அது முட்டைக் காசு என்றால் நானும் குடித்தவன்தான்.

"அவரு என்கிட்ட மூணு வருஷம் பொய் சொல்லியிருந்தா, இந்த வீட்டுல அவரு உட்கார்ந்த நாற்காலியைப் பார்த்துக்கிட்டு நான் இருக்க மாட்டேன். திங்கட்கிழமையே மெல்பர்னுக்கு எழுதிப் போட்டுரு" என்றாள் அண்ணி.

கறுப்புத் துணியைத் தலைக்குக் கட்டிக்கொண்டு என் வண்டியில் ஏறினாள்.

*

பாருக்குள் பெண்கள் வரக் கூடாது. அந்தக் காலத்தில் அதுதான் சட்டம். நீலை வெளியே அழைத்து வரச் சொல்லி என்னை அனுப்பிவிட்டு, ரயிலடி ஓட்டல் வாசலில் நடைபாதை ஓரமாக நின்றாள். சனிக்கிழமை பத்து மணி. கடைத்தெருவுக்கு வந்த அத்தனை பேரும் புஜேஜா வீட்டு விதவை சாராயக்கடை வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். பரிதாபப்பட்ட ஒரு கிழவன் உள்ளே யாரையாவது கூப்பிட வேண்டுமா, வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறாரா என்று கேட்டானாம்.

நீல் கடிதத்தை வாங்கிப் பார்த்தான். சிரிக்க ஆரம்பித்தான். வாசல் பக்கம் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"யோவ் கட்டை, இது என் பேரு இல்ல. இங்கிலீஷ்ல ‘நில்’னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். ஒரு பென்னிகூட வரலைன்னு எழுதியிருக்கான்."

என் காது சூடானது. அப்படியானால் அண்ணன் இங்கே குடித்த பீருக்கெல்லாம் ஏது காசு என்று கேட்டேன்.

நீல் கண்ணாடிக் கோப்பையைத் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினான். நெட்டை, அதாவது அண்ணன், இங்கே காசே கொடுத்ததில்லை என்றான். அவர் கணக்கை மாதாமாதம் வேறு ஒருவர் வந்து தீர்த்துவிட்டுப் போவாராம். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லவில்லை. செத்தவர் கணக்கு, விட்டுவிடு என்று அடுத்த ஆளுக்குப் பீர் ஊற்றப் போய்விட்டான்.

இதை நான் அண்ணியிடம் சொல்லவில்லை. அந்த வார்த்தைக்கு அர்த்தம் மட்டும் சொன்னேன்.

அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் முகம் இன்னும் மோசமாகிவிட்டது.

"நீலுக்குப் போயிருந்தா குடிச்சாரு, தொலையுதுன்னு இருக்கலாம். எங்கேயுமே போகலைன்னா என் பத்து ஷில்லிங் எங்கே போச்சு? யாருக்குப் போச்சு?"

யாருக்கு என்ற அந்த வார்த்தையில் அவள் நினைத்தது என்னவென்று எனக்குப் புரிந்தது. வண்டியைக் கோயில் பக்கம் திருப்பினேன்.

*

கோயிலின் பங்குக் கணக்கை எழுதுகிறவர் மிக் டோர்னன். அஞ்சலகத்தில் வேலை. அயர்லாந்து வம்சம், தக்காளி மாதிரி முகம், காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையில் சாயங்கால விருந்துக்குப் பெயர்ப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். கடிதத்தைப் பார்த்ததும் அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. வாக்கு என்பது மனிதன் மனசு, அதை வசூல் பண்ணக் கூடாது என்று பங்குச் சாமியார் ஃபாதர் ஹெனெகன் சொல்லிவிட்டதால் மூன்று வருஷமாக யாருக்கும் பாக்கி கேட்டு எழுதியதில்லை என்றார். இது ஆயர் ஊரில் புதிதாக வைத்திருக்கும் ஆட்களின் வேலையாம்.

"கடிதத்தை விடச் சொல்லு. புத்தகத்தைக் காட்டச் சொல்லு" என்றாள் அண்ணி.

தடித்த புத்தகத்தைத் திருப்பினார். விரலை ஒரு வரியில் நிறுத்தினார். சி. புஜேஜா. ஆலைச் சாலை. நேராக ஓடிய கட்டங்கள் எல்லாம் வெள்ளையாக இருந்தன.

அண்ணிக்கு இங்கிலீஷ் தெரியாது. எண் தெரியும். குனிந்து பார்த்தாள்.

"இது என்ன, நாற்பத்தொண்ணா?"

கவருக்கு ஆளுக்கொரு எண், உங்களது நாற்பத்தொன்று என்று டோர்னன் சொன்னதை நான் மாற்றிச் சொன்னேன்.

"இல்லையே. எங்க கவர்ல நாலும் ரெண்டும்ல இருக்கும். நான்தானே காசை உள்ளே வெச்சேன். நூத்தைம்பத்தாறு தடவை பார்த்திருக்கேன்."

டோர்னனின் விரல் ஒரு வரி கீழே இறங்கியது.

சி. புஜேஜா. ஓடைச் சாலை. நாற்பத்திரண்டு. அங்கே ஒரு கட்டம்கூட வெள்ளை இல்லை.

இதை அயர்லாந்துக்காரனால் செய்ய முடியாது. நாங்கள் மட்டுமே செய்யக்கூடிய கோளாறு. எங்கள் தாத்தா பெயர் கார்ம்னு. அவருக்கு மூன்று மகன்கள். தலைமகனுக்குத் தாத்தா பெயர்தான் வைக்க வேண்டும் என்பதால் மூன்று வீட்டிலும் ஒரு கார்ம்னு புஜேஜா. மூன்று பேரும் ஒரே கப்பல் கம்பெனியில் வந்து ஒரே ஊரில் கரும்பு வெட்டினோம். பெரியப்பா மகனான அண்ணன் நெட்டை. நான் கட்டை. இன்னொருவன் முயல். எங்களுக்குள் யாரும் யாரையும் கார்ம்னு என்று கூப்பிட்டதே கிடையாது. கூப்பிட்டால் மூன்று தலை திரும்பும். இங்கிலீஷில் கார்ம்னு சி எழுத்தில் தொடங்குவதால், தாளில் மட்டும் எல்லோரும் சி. புஜேஜா. நான் ஆலைக் கொட்டடியில் கிடப்பவன், வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. மற்ற இரண்டு பேரும் கொடுத்தார்கள். எண் போட்ட கவர்களை அடுக்கிய பெட்டி கொடுத்த அன்று டோர்னன் கோயில் வாசலில் "சி. புஜேஜா" என்று ஒரு தடவை கத்தினார். இரண்டு கை நீண்டது. ஆளுக்கு ஒரு பெட்டியை, அடுத்தவன் பெட்டி என்று தெரியாமலே, எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"ஒரு வாரம்கூட விடலையா?" என்று அண்ணி என்னைக் கேட்கச் சொன்னாள்.

ஒரு வாரமும் விடவில்லை என்றார் டோர்னன். வெள்ளத்தில் பாலம் மூழ்கின வாரம் வர முடியாமல், அடுத்த வாரம் இரண்டு கவராக வந்திருக்கிறது. தட்டில் வராது, வாசல் பெட்டியைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும், பூசைக்கு முதலில் வந்தவர் போட்டது என்றார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வண்டியை நிறுத்தியதும் அந்த நீளக் கால்களைப் போட்டு எங்களுக்கு முன்னால் விறுவிறு என்று போய்விடுவார். கட்டையால நடக்க முடியாதுன்னு தெரிஞ்சும் ஓடுறான் பாரு என்று பின்னாலிருந்து திட்டுவேன். திரும்பாமலே கையைத் தூக்கி ஆட்டுவார்.

அண்ணி பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் ரொம்ப நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டோர்னன் சிவப்புப் பென்சிலால் இரண்டு விலாசத்தையும் மாற்றி எழுதினார். சாயங்காலம் வாசிக்கும்போது எந்த புஜேஜா என்று ஊருக்குத் தெரிய வேண்டுமே, என்ன செய்வது என்று கேட்டார். நெட்டை என்று எங்கள் பாஷையில் எப்படிச் சொல்வது என்று சொல்லிக்கொடுத்தேன். நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். ஒரு தடவையும் சரியாக வரவில்லை.

எழுந்தபோதுதான் அண்ணிக்கு மற்றது உறைத்தது.

"அப்போ நாற்பத்தொண்ணு முயலோடது. அவன் ஒண்ணுமே போடலை. ஆயர் கடுதாசிக்கு மட்டும் கண்ணாடி போட்டு மாட்டி வெச்சிருக்கான்."

உண்மைதான். வருஷத்துக்கு ஒரு நன்றிக் கடிதம் முயல் வீட்டுக்குத்தான் போனது. மூன்றும் சட்டம் போட்டு, திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில், படத்தைவிடப் பெரிதாகத் தொங்கின.

*

பள்ளிக் கூடத்தின் சமையல்கட்டில் அண்ணி மக்ரோனி வேகவைத்த அண்டாவைச் சாய்த்து வடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பெண்கள் மக்ரோனி, அயர்லாந்துப் பெண்கள் ஆட்டிறைச்சி. அடுப்பு யாருக்கு என்பதில் வழக்கம்போல வாய்ச்சண்டை. நான் பெஞ்சு தூக்கிப் போட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பின்வாசல் வழியாக முயல் வந்தான். தலையில் எண்ணெய், கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. ஆயர் கையால் வாங்கப் போகும் மாப்பிள்ளை.

அண்ணி கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"நாற்பத்திரண்டு யாரோட நம்பர் முயலு?"

அவன் முகத்தில் எண்ணெய் தவிர எல்லாம் வற்றிவிட்டது. தெரியாது என்பான் என்று நினைத்தேன்.

"தெரியும் அண்ணி," என்றான். "சாவு வீட்டுல துணிமணி ஒதுக்கும்போது அலமாரியில கவர்ப் பெட்டியைப் பார்த்தேன். நெட்டை காசுலதான் எனக்கு நன்றி வருதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதுவரைக்கும் அந்த ஐரிஷ்காரன் தப்பா எழுதுறான், நம்ம அதிர்ஷ்டம்னு இருந்தேன்."

"தெரிஞ்சப்புறமும் வாயைத் திறக்கலை?"

"எப்படித் திறப்பேன்? பிள்ளைங்க அந்தக் கடுதாசியை ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்குங்க."

"இன்னைக்குக் காலையில நான் சாராயக்கடை வாசல்ல நின்னேன்டா. என் புருஷன் என்னை ஏமாத்தினாரான்னு ஒரு குடிகாரக் கடைக்காரன்கிட்ட கேட்க நின்னேன்."

அண்டாவிலிருந்து ஆவி வந்துகொண்டே இருந்தது. முயல் அவளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"போன செப்டம்பர்ல உங்க கரும்பை நான் எதுக்கு வெட்டினேன்னு நினைச்சீங்க?"

அண்ணன் செத்த அடுத்த மாதம், அறுவடை நேரம். கூலி வேண்டாம் என்று தனியாளாக வந்து வெட்டினான். பாவப்பட்டு வெட்டுகிறான் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். வாழ்க்கையில் ஒரு தீக்குச்சியைக்கூடச் சும்மா கொடுக்காதவன். கடைசியில் ஓடைப்பக்கம் ஒரு மூலையை மட்டும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டான். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. அதை நான்தான் வெட்டி முடித்தேன்.

"அந்த மூலையை ஏன் விட்டுட்டுப் போனே?" என்று அண்ணி கேட்டாள்.

"பதினேழு நாள் ஆயிடுச்சு அண்ணி. நாளுக்கு நாலரை பவுன். இன்னும் ஒரு நாள் வெட்டினா எழுபத்தெட்டைத் தாண்டிடும்."

நான் சிரித்துவிட்டேன். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் கரண்டி கீழே இறங்கிவிட்டது.

உள்ளே பெயர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். டோர்னன் சி. புஜேஜா என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு விட்டு, எங்கள் பாஷையில் நெட்டை என்றார். அவர் சொன்ன விதத்தில் அது கிட்டத்தட்டக் கழுதை என்று கேட்டது. மால்டாக்காரர்கள் இருந்த மூன்று மேசையும் குலுங்கிச் சிரித்தது. சிரிப்புக்கு நடுவே அண்ணி, சமையல் மேலங்கியைக்கூட அவிழ்க்காமல், மாவுக் கையோடு நடந்து போனாள். ஆயர் சிலுவையை நீட்டினார். வாங்கிக்கொண்டு, திரும்பி, காலையில் அவளைப் பார்த்த அத்தனை பேரையும் ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். முயல் சமையல்கட்டு வாசலில் நின்றபடி எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினான்.

*

சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்த பிறகு டோர்னனும் ஃபாதர் ஹெனெகனும் நிதிக்கு வாக்குக் கொடுக்கும் புதிய சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணி முயலின் கோட்டுக் கையைப் பிடித்து அவர்கள் மேசைக்கு இழுத்து வந்தாள். நான் மொழிபெயர்க்கக் கூடவே போனேன்.

முதலில் தனக்கு ஒரு சீட்டு கேட்டாள். வாரத்துக்கு ஐம்பது சென்ட், மூன்று வருஷத்துக்கு. பெயர் ஜியோவான்னா புஜேஜா என்று முழுசாக எழுதச் சொன்னாள். கவர்ப் பெட்டியை வாசலில் நின்று கத்தாமல் தன் கையில் கொடுக்க வேண்டும் என்றாள். மூன்று வருஷத்துக்குச் சீட்டு எழுதுகிறவள் மெல்பர்னுக்குப் போகப் போவதில்லை. நீல் சொன்னதை இனி அவளிடம் சொல்ல வேண்டுமா என்ற கேள்வி அந்த நேரம் பார்த்து எனக்கு வந்தது. அந்தப் பீர்க் கணக்கைத் தீர்த்தது யார்?

அவள் அதற்குள் அடுத்ததுக்குப் போய்விட்டாள். மேசைமேல் கிடந்த ஆயரின் வேண்டுகோள் தாளைத் தட்டி, இந்தப் பணம் எதற்கெல்லாம் போகிறது என்று வாசிக்கச் சொன்னாள். நான் விரல் வைத்துப் படித்தேன். ஐந்தாவது வரி, விதவைகளுக்கு உதவி.

"உங்க புத்தகத்துல இருந்து எனக்கு ஒண்ணும் வரலை ஃபாதர். நான் கேட்கவும் இல்லை. கத்தியைத் தூக்கிக்கிட்டு இவன்தான் வந்தான். பதினேழு நாள். நாளுக்கு நாலரை பவுன் போட்டு இவன் பாக்கியில கழிங்க."

புத்தகத்தில் காசைத்தான் எழுத முடியும், கரும்பை எழுத முடியாது என்றார் டோர்னன். இப்படி ஒவ்வொருத்தரும் ஆரம்பித்தால் கூரைக்கு எதைப் போடுவது என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

ஃபாதர் ஹெனெகன் முயலைப் பார்த்தார். முயல் தன் செருப்பைப் பார்த்தான்.

"எழுது மிக்," என்றார் ஃபாதர்.

எழுபத்தாறரை பவுன் என்று டோர்னன் பெருக்கிப் பார்த்து எழுதினார். பழக்கதோஷத்தில் பவுனில் எழுதிவிட்டு, அடித்து, நூற்றைம்பத்து மூன்று டாலர் என்று மாற்றினார். இன்னும் மூன்று குறைகிறது என்றார்.

முயல் கோட்டின் உள்பையில் கைவிட்டுத் தேடினான். கசங்கிய பழைய நோட்டுகளாக, ஒரு பவுன் ஒன்றும் பத்து ஷில்லிங் ஒன்றும் எடுத்து மேசையில் வைத்து, உள்ளங்கையால் நீவி விட்டான். டோர்னன் அவற்றை எடுத்து நாற்பத்தொன்று என்று எண் போட்ட கவருக்குள் வைத்து ஒட்டினார். பாக்கி என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்.